ரோட்ஸ் பழைய நகரத்தை நடந்தே பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கிரீஸின் தென்கிழக்கு மூலையில், துருக்கிக் கரைக்கு எதிரே, கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிற தீவு ரோட்ஸ். அதன் வடமுனையில் மதில் சூழ்ந்த பழைய நகரம் ஒன்று இருக்கிறது. 1988-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்றைக்கும் மக்கள் குடியிருக்கிற, துணி காயப்போடுகிற, பிள்ளைகள் பந்து விளையாடுகிற ஊர் அது. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் கப்பலில் வந்து இறங்குவார்கள், கடைத்தெருவில் ஏறுவார்கள், நைட்டுகளின் தெருவில் நின்று படம் எடுப்பார்கள், அரண்மனையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மதியத்துக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். அது ஊரில் கால்வாசிகூட இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த ஊரை வெளியிலிருந்து உள்ளே பாருங்கள். முதலில் மதிலுக்குக் கீழே உள்ள அகழி, அடுத்து மதிலுக்குள் இருக்கும் தெருக்கள், கடைசியில் மதிலுக்கு வெளியே உள்ள குன்றுகள். யார் உள்ளே வாழலாம், யார் பொழுது சாய்ந்ததும் வெளியேற வேண்டும் என்று பல நூற்றாண்டுகள் தீர்மானித்தது அந்த மதில்தான். அதை முதலில் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டால், மற்ற எல்லாம் தானாக விளங்கும்.

மூன்று முழு நாள் இருந்தால் கீழே உள்ள எல்லாவற்றையும் அவசரமில்லாமல் நடக்கலாம். இரண்டு நாள்தான் என்றால் கடைசியில் வரும் பிலெரிமோஸ், லிண்டோஸ் இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள்.

புறப்படும் முன்

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஒரு நல்ல பருவம், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை இன்னொன்று. ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன், விடுமுறை அப்போதுதான் கிடைக்கும் என்றால் போகத்தான் வேண்டும். ஆனால் அந்த மாதங்களில் பதினோரு மணிக்கு மேல் கல் தரையும் கல் சுவரும் சேர்ந்து அனலை வீசும். காலை ஆறரைக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் முடிப்பது, பிறகு மாலை ஐந்துக்கு மேல் மறுபடி இறங்குவது என்று நாளை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்களும் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் குடியிருப்புச் சந்துகளில் சத்தம் போடாமல் நடப்பது மரியாதை.

நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் இடங்களிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. மழை வரும், பல உணவகங்கள் மூடியிருக்கும். இருந்தாலும் ஊர் ஊராக இருப்பது அப்போதுதான்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். ஏதென்ஸிலிருந்து விமானத்தில் வருவது சுலபம். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலிலும் வரலாம், ஒரு முழு இரவு கடலில் கழியும். விமான நிலையம் ஊருக்குத் தென்மேற்கே சுமார் 14 கிலோமீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து ஊருக்குப் பேருந்து உண்டு.

தங்குவதற்கு மதிலுக்குள்ளேயே ஒரு சின்ன விடுதியைப் பிடியுங்கள், ஊரின் தென்பாதியில் என்றால் இன்னும் நல்லது. ஒரு எச்சரிக்கை: உள்ளே பெரும்பாலான சந்துகளுக்கு வண்டி வராது. பெட்டியை நீங்களேதான் இழுத்துக்கொண்டு போக வேண்டும், கூழாங்கல் தரையில் சக்கரம் உருளவே உருளாது. முதுகில் மாட்டும் பை கொண்டுபோவது நல்லது.

அடுத்து செருப்பு. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊர்த் தரை பெரும்பாலும் கடற்கரைக் கூழாங்கல்லால் போட்டது. கல்லைப் படுக்கவைக்காமல், மெல்லிய விளிம்பு மேலே வரும்படி நிறுத்தி, நெருக்கி நெருக்கிப் பதித்திருக்கிறார்கள். முற்றங்களிலும் கோவில் வாசல்களிலும் கறுப்பும் வெள்ளையுமாகக் கொடி, மான், பூ என்று கோலமே போட்டிருப்பார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அடிப்பாகம் மெல்லியதாக உள்ள செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தால் ஒவ்வொரு கல்லும் பாதத்தில் குத்துவது தெரியும். மழை நாளில் நன்றாக வழுக்கவும் செய்யும். தடித்த ரப்பர் அடியுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

நடப்பதற்கு முன் கொஞ்சம் வரலாறு

கி.மு. 408-ல் தீவிலிருந்த மூன்று பழைய நகரங்கள், இயாலிஸோஸ், கமிரோஸ், லிண்டோஸ், சேர்ந்து வடமுனையில் ஒரு புது நகரத்தைக் கட்டின. கட்டம் கட்டமாகத் தெரு போட்டுத் திட்டமிட்ட நகரம். இன்றைய பழைய நகரத்தில் சில நேர்த்தெருக்கள் அந்தத் திட்டத்தின் மேலேயே ஓடுகின்றன. கி.மு. 305-ல் மாசிடோனியத் தளபதி டெமெட்ரியோஸ் பெரும்படையோடு முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் போனபின், அந்த வெற்றிக்காக நிறுத்தியதுதான் சூரியக் கடவுளின் வெண்கலச் சிலை, கொலோசஸ். முப்பது மீட்டருக்கும் அதிக உயரம். கட்டி முடித்து அறுபது ஆண்டுகூட ஆகாத நிலையில், கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது.

பிறகு ரோமர், பைசாந்தியர். 1309-ல் செயின்ட் ஜான் என்ற கிறிஸ்தவத் துறவறச் சபையின் வீரர்களான நைட்டுகள் வந்தார்கள். எருசலேமில் யாத்திரிகர்களுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கிய சபை அது, பின்னாளில் படையாகவும் மாறியது. 1480-ல் ஒட்டோமான் துருக்கியரின் முற்றுகையைத் தாங்கினார்கள். 1522-ல் சுல்தான் சுலைமான் நேரில் வந்து ஆறு மாதம் முற்றுகையிட்டபோது தாங்க முடியவில்லை. 1523 ஜனவரி முதல் நாள் கப்பலேறிப் போனார்கள். அடுத்த நாலு நூற்றாண்டு ஒட்டோமான் ஆட்சி, 1912-லிருந்து இத்தாலி, 1948-லிருந்து கிரீஸ். இவ்வளவு போதும், மீதியைக் கல்லே சொல்லும்.

முதல் நடை: அகழி

வந்து இறங்கிய அன்றே மாலை, வெயில் தணிந்ததும் இதைச் செய்துவிடுங்கள். டிக்கெட் கிடையாது. ஊரின் வடமேற்கில் அம்புவாஸ் வாசல் இருக்கிறது, அரண்மனைக்குப் பின்புறம். அதற்குப் பக்கத்திலுள்ள அலெக்ஸாந்திரியா சதுக்கத்தை ஒட்டி அகழிக்குள் இறங்க வழி உண்டு. அங்கே இறங்கி, மதில் எப்போதும் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும்படி தெற்கே நடந்து, பிறகு ஊரோடு சேர்ந்து கிழக்கே திரும்பி, அகாந்தியா வாசலில் ஏறுங்கள். ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். நின்று நின்று பார்த்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இந்த அகழியில் தண்ணீர் நிரப்பும் வழக்கமே இருந்ததில்லை, தொடக்கத்திலிருந்தே வறண்ட அகழிதான். இப்போது புல்லும் மரமும் பூச்செடியுமாக, ஊர்க்காரர்கள் நாயோடு நடக்கவும் ஓடவும் வருகிற இடமாகிவிட்டது. நடுநடுவே கற்குண்டுகள் கிடக்கும். கோடையில் பார்த்தால் யாரோ பூசணிக்காய் விளைத்துப் பறிக்காமல் விட்டுவிட்டதைப் போலத் தெரியும். கிட்டே போய்க் கையால் தொட்டுப் பாருங்கள். உளியால் கொத்திக் கொத்தி உருட்டிய தடம் சில குண்டுகளில் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது. ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுள்ளவை உண்டு. இதைத் தூக்கிப் பீரங்கியில் போட்டுச் சுட்டார்கள், அது வந்து இந்தச் சுவரில்தான் மோதியது என்று நினைத்துவிட்டு நிமிர்ந்து மதிலைப் பாருங்கள்.

மதிலைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, சுவரில் பதித்திருக்கும் பளிங்குச் சின்னங்கள். கேடய வடிவத்தில் இருக்கும், எந்தச் சபைத்தலைவர் காலத்தில் அந்தப் பகுதி கட்டப்பட்டதோ அவருடைய குலச்சின்னம் அங்கே இருக்கும். 1480 முற்றுகையைச் சமாளித்த தொபுஸோனின் சின்னம் பல இடத்தில் வரும், ஒருமுறை அடையாளம் தெரிந்துகொண்டால் பிறகு தேடாமலே கண்ணில் படும். இரண்டு, மதிலின் கனம். பீரங்கி வலுத்துக்கொண்டே போன காலம் அது, ஆகவே ஒவ்வொரு முற்றுகைக்குப் பிறகும் சுவரை மேலும் தடிமனாக்கினார்கள், உயரத்தைக் குறைத்தார்கள், கோபுரங்களுக்கு முன்னால் பலகோணக் கொத்தளங்களைச் சேர்த்தார்கள். நடந்துகொண்டே வந்தால் அகழி சில இடங்களில் இரண்டாகப் பிரியும், நடுவில் தீவு மாதிரி ஒரு திட்டு நிற்கும். முன்கொத்தளம் அது, எதிரியின் குண்டு முதலில் அதில்தான் பட வேண்டும் என்பது கணக்கு.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நைட்டுகள் தங்களை மொழிவாரியாகக் குழுக்களாகப் பிரித்துக்கொண்டவர்கள். பிரான்ஸ், ஜெர்மனி, ஓவர்ன், அரகோன், இங்கிலாந்து, புரொவான்ஸ், இத்தாலி, காஸ்டீல் என்று. மதிலையும் அப்படியே பங்கு போட்டுக்கொண்டார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குழு பொறுப்பு. நீங்கள் அம்புவாஸ் வாசலிலிருந்து கிளம்பினால் ஜெர்மானியர் பகுதி, அடுத்து ஓவர்ன், தென்மேற்கு மூலையில் அரகோன், பிறகு இங்கிலாந்து, கோஸ்கினூ வாசலைத் தாண்டியதும் புரொவான்ஸ், கடைசியில் கிழக்கே இத்தாலி. 1522-ல் சண்டை மிகக் கடுமையாக நடந்தது அரகோன், இங்கிலாந்து பகுதிகளில். சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்து அடியிலிருந்தே மதிலைத் தகர்க்கப் பார்த்தார்கள். அந்த மூலைக்கு வந்ததும் ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஒட்டோமான் படை ஏன் இங்கே கை வைத்தது என்பது நிலத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வெளிப்பக்கம் மேடு, பீரங்கிகளை நிறுத்த வாகான இடம்.

மதிலின் மேலேயும் நடக்கலாம், அரண்மனைப் பக்கம் ஏறி கோஸ்கினூ வாசல் வரை. ஆனால் அது குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் திறக்கும், தனி டிக்கெட். அரண்மனைக் கவுண்டரில் விசாரித்துக்கொள்ளுங்கள். அகழியை நடந்து முடித்தவர்களுக்குத்தான் மேலே நடப்பது ருசிக்கும். கைப்பிடி இல்லாத இடங்கள் இருக்கின்றன, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நடை: நைட்டுகளின் தெருவும் அரண்மனையும்

மறுநாள் காலை, கடைகள் திறப்பதற்கு முன். மண்ட்ராகி துறைமுகத்துப் பக்கம் இருக்கும் எலெஃப்தெரியாஸ் வாசலில் நுழையுங்கள். இந்த வாசலை இத்தாலியர்கள் 1924-ல் திறந்தார்கள், ஆகவே ஊரின் வாசல்களில் புதியவற்றில் இதுவும் ஒன்று. உள்ளே வந்ததும் ஒரு சின்னச் சதுக்கத்தில் சிதைந்த தூண்களும் அடிக்கற்களும் கிடக்கும். எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள். அது கிரேக்கக் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டியின் கோவில், கி.மு. 3-ம் நூற்றாண்டு. ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

நேரே போனால் பழைய மருத்துவமனை வரும், இப்போது தொல்லியல் அருங்காட்சியகம். 1440-ல் தொடங்கி 1489-ல் முடித்த கட்டடம். மாடியில் நோயாளிகள் படுத்திருந்த நீண்ட கூடம் அப்படியே இருக்கிறது. அதன் அளவைப் பார்த்தால்தான் இந்தச் சபைக்கு வைத்தியம் எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பது மனதில் பதியும். காட்சிப் பொருள்களில் எல்லாரும் தேடுவது, மண்டியிட்டுக் கூந்தலை விரித்துப் பிடித்திருக்கும் சின்ன அஃப்ரோடைட்டி சிலையை. அதைப் பாருங்கள், ஆனால் கிரிட்டோ, திமாரிஸ்டா என்ற இரண்டு பெண்களின் நடுகல்லைத் தவறவிடாதீர்கள். கமிரோஸில் கிடைத்தது, கி.மு. 5-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. இறந்த தாயை மகள் கடைசியாகத் தழுவி விடைகொடுக்கிறாள். ஒரு கை தோளில், முகம் பாதி தாழ்ந்திருக்கிறது. அதன் முன் நிற்க நேரம் ஒதுக்குங்கள்.

மருத்துவமனை மூலையிலிருந்து மேற்கே ஏறுவதுதான் நைட்டுகளின் தெரு. பழைய கிரேக்க நகரத்தின் தெரு ஒன்றின் மேலேயே இது போகிறது, அதனால்தான் இவ்வளவு நேராக இருக்கிறது. இரண்டு பக்கமும் மொழிக் குழுக்களின் விடுதிகள். பிரான்ஸ் விடுதியின் முகப்பு மிகச் சிறப்பானது, அதில் மழைநீர் வடியும் துவாரங்களை முதலை உருவத்தில் செதுக்கியிருக்கிறார்கள். பெரும் பிராணி ஒன்றைக் கொன்றதாகச் சொல்லப்படும் ஒரு நைட்டின் கதையோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். ஒன்பது மணிக்கு மேல் இங்கே கூட்டம் சேர்ந்துவிடும். ஏழரைக்கு வந்தால் பூனைகளும் நீங்களும்தான்.

தெருவின் உச்சியில் சபைத்தலைவரின் அரண்மனை. இங்கே ஒன்றைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி 1937-க்கும் 1940-க்கும் இடையில் இத்தாலியர்கள் கட்டியது. ஒட்டோமான் காலத்தில் சிறையாக இருந்து சிதைந்த கட்டடம், 1856-ல் எதிரேயிருந்த செயின்ட் ஜான் தேவாலயத்தின் கீழே மறந்துபோன வெடிமருந்து வெடித்தபோது நொறுங்கியது. தேவாலயம் அடியோடு போயிற்று, அக்கம்பக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். மாடியில் உள்ள மொசைக் தளங்கள் கோஸ் தீவிலிருந்து கொண்டுவந்து பதித்தவை. அவை அழகுதான், மெதூசா முகம் உள்ளதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் என் கணிப்பில், கீழ்த்தளத்தில் பழைய ரோட்ஸ் நகரத்தைப் பற்றி வைத்திருக்கும் காட்சிதான் மாடியைவிட அதிகம் கற்றுத்தரும். பெரும்பாலானோர் மாடியோடு களைத்துப்போய் அதைப் பார்க்காமலே வெளியேறிவிடுகிறார்கள். நீங்கள் அங்கிருந்தே தொடங்குங்கள்.

மூன்றாம் நடை: தெற்குப் பாதி

நைட்டுகள் குடியிருந்தது வடக்கே ஒரு சிறு பகுதியில். மற்ற எல்லாரும், கிரேக்கர், யூதர், வணிகர், கைவினைஞர், தெற்கே பெரிய பகுதியில் வாழ்ந்தார்கள். 1522-க்குப் பிறகு கிரேக்கர்கள் மதிலுக்குள் குடியிருக்கக் கூடாது என்றானது. பகலில் வந்து வேலை பார்க்கலாம், பொழுது சாய்வதற்குள் வெளியே போய்விட வேண்டும். மதிலுக்கு வெளியே அவர்கள் அமைத்துக்கொண்ட குடியிருப்புகள்தான் இன்றைய புது நகரத்தின் பழைய பேட்டைகள். உள்ளே முஸ்லிம்களும் யூதர்களும் இருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால், தேவாலயம் எதற்குப் பள்ளிவாசலாயிற்று, பள்ளிவாசல் எதற்கு மறுபடி தேவாலயமாயிற்று என்பதெல்லாம் குழப்பாது.

அரண்மனையிலிருந்து கீழே இறங்கினால் மணிக்கூண்டு, அதைத் தாண்டி இளஞ்சிவப்பு நிறத்தில் சுலைமான் பள்ளிவாசல். எதிரே 1793-ல் நிறுவிய ஹாஃபிஸ் அகமது ஆகா நூலகம், உள்ளே அரபி, பாரசீக, துருக்கிக் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. முற்றம் சின்னது, அமைதியானது. அங்கிருந்து கீழே கடல்வரை இறங்குவது சோக்ராட்டூஸ் தெரு, பெரிய கடைத்தெரு. தோல் பை, கடற்பஞ்சு, காந்தம், எல்லாம் கிடைக்கும். ஒருமுறை நடந்தால் போதும்.

உண்மையான நடை அந்தத் தெருவிலிருந்து தெற்கே விலகும்போதுதான் ஆரம்பிக்கிறது. அகியூ ஃபனூரியூ தெருவைப் பிடித்துக்கொள்ளுங்கள், பழைய நகரத்தின் நீண்ட நேர்த்தெருக்களில் அது ஒன்று. அதிலேயே செயின்ட் ஃபனூரியோஸ் தேவாலயம் இருக்கிறது, வெளியே பார்த்தால் வீட்டு வாசல் மாதிரிதான் தெரியும். உள்ளே இருட்டு, கண் பழகியதும் சுவரில் பழைய ஓவியங்கள் தெளியும். பொருள் தொலைந்துபோனால் கிரேக்கர்கள் வேண்டிக்கொள்கிற புனிதர் இவர். ஆகஸ்ட் 27 அவருடைய திருநாள், அன்று எண்ணெயும் இலவங்கப்பட்டையும் போட்ட கேக்கை வீட்டில் செய்துகொண்டு வந்து தேவாலயத்தில் வைத்து எல்லாருக்கும் பங்கிடுவார்கள். இந்தத் தேதிக்கு நீங்கள் அங்கே இருக்க நேர்ந்தால் கண்டிப்பாகப் போங்கள்.

பிறகு ஒமீரூ தெரு, பித்தகோரா தெரு, நடுவில் உள்ள பெயர் தெரியாத சந்துகள். தலைக்கு மேலே வீட்டுக்கு வீடு கல் வளைவுகள் தாண்டிப் போகும், ஒன்றன்பின் ஒன்றாக. அலங்காரத்துக்காக வைத்தது என்று நினைப்போம். ஆனால் இது நிலநடுக்கம் அடிக்கடி வருகிற தீவு, எதிரெதிர் வீடுகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்பதற்காகக் கட்டியது. இந்தப் பகுதியில் மேப்பைப் பையில் போட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் மதிலில்தான் முட்டுவீர்கள், மதிலை ஒட்டி நடந்தால் ஏதாவது ஒரு வாசல் வரும். டோரியேயோஸ் சதுக்கத்தில் மரநிழலும் 1588-ல் கட்டிய ரெஜெப் பாஷா பள்ளிவாசலும் இருக்கின்றன. காபி குடிக்கக் கடைத்தெருவைவிட இந்தப் பக்கம் நல்லது, விலையும் குறைவு.

சாப்பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போகிராத்தூஸ் சதுக்கத்தைச் சுற்றியும் கடைத்தெருவிலும் வாசலில் நின்று கூப்பிடுகிற உணவகங்களில் உட்கார்ந்தால், விலைப்பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே எதையும் கேளுங்கள், குறிப்பாகக் குடிக்கிறதன் விலையையும் அளவையும். மீன் பெரும்பாலும் எடைக்கு விலை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ரோட்ஸ் நல்ல இடம். இந்தத் தீவின் சொந்தப் பலகாரம் பிடரூடியா. கொண்டைக்கடலை, வெங்காயம், தக்காளி, புதினா சேர்த்துத் தட்டி எண்ணெயில் பொரிப்பார்கள், வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. இன்னொரு வழியும் உண்டு. கடையில் நிஸ்திசிமோ இருக்கிறதா என்று கேளுங்கள், கிறிஸ்தவ நோன்பு நாள் உணவு அது, இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேராது. நோன்பில் கணவாய், இறால் வகைகளுக்கு மட்டும் அனுமதி உண்டு என்பதால் அதை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்புக்கு மெலெகூனி. எள்ளும் தேனும் பாதாமும் ஆரஞ்சுத் தோல் மணமும் சேர்ந்தது, கல்யாண வீடுகளில் கொடுப்பார்கள். நடக்கும்போது பையில் போட்டுக்கொள்ள இதைவிடச் சிறந்தது இல்லை.

யூதர் குடியிருப்பு

கிழக்குப் பகுதி. இதைத் தனியாகச் சொல்கிறேன், வேறு எதனோடும் சேர்த்து அவசரமாகப் பார்க்க வேண்டாம். கடல்குதிரை உருவங்கள் வைத்த நீரூற்றுள்ள சதுக்கத்துக்கு யூதத் தியாகிகள் சதுக்கம் என்று பெயர். 1944 ஜூலையில் ஜெர்மானியர்கள் இந்தத் தீவின் யூதர்கள் 1,600-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக் கப்பலேற்றி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். உயிரோடு மீண்டவர்கள் சுமார் 150 பேர். நானூறு ஆண்டுக்கு மேலாக, ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட தங்கள் முன்னோரின் மொழியைப் பேசிக்கொண்டு இந்தச் சந்துகளில் வாழ்ந்த சமூகம் ஒரே மாதத்தில் போய்விட்டது. ரோட்ஸில் இருந்த துருக்கித் துணைத்தூதர் செலாஹத்தின் உல்குமென், துருக்கியக் குடியுரிமையைக் காரணம் காட்டிச் சில டஜன் பேரைக் காப்பாற்றினார். சதுக்கத்தில் பல மொழிகளில் எழுதிய கறுப்புக் கல் நினைவுத்தூண் இருக்கிறது.

அங்கிருந்து சில நிமிட நடையில் கஹால் ஷாலோம் ஜெபாலயம், 1577-ல் கட்டியது. கிரீஸில் இன்றும் வழிபாடு நடக்கிற யூத ஜெபாலயங்களில் மிகப் பழையது இதுதான். உள்ளே தரை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கூழாங்கல் கோலம். ஒட்டியே உள்ள சிறு அருங்காட்சியகத்தில் குடும்பப் படங்கள் இருக்கின்றன, கல்யாணப் படம், பள்ளிக்கூடப் படம். வெளியே வந்து தெருக்களில் நடக்கும்போது வீட்டு நிலைகளை நிமிர்ந்து பாருங்கள், சிலவற்றில் எபிரேய எழுத்து இன்னும் இருக்கும். சனிக்கிழமை மூடியிருக்கும், அதற்கேற்ப நாளைத் திட்டமிடுங்கள்.

பக்கத்திலேயே பூர்கூ அன்னை தேவாலயத்தின் இடிபாடு, கூரையில்லாமல் உயர்ந்து நிற்கும் வளைவுகள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பகுதி இது.

மதிலுக்கு வெளியே: மண்ட்ராகி

இது ஒரு மணி நேர நடை, மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். துறைமுக வாயிலில் இரண்டு தூண்களின் மேல் ஒரு கலைமானும் ஒரு பெண்மானும் நிற்கின்றன. கொலோசஸ் கால்களை அகட்டி இங்கேதான் நின்றது என்று ஒவ்வொரு கடையிலும் படம் விற்பார்கள். அப்படி நின்றிருக்க வாய்ப்பில்லை, அந்த அளவு வெண்கலச் சிலை அந்த நிலையில் தாங்காது, அது நின்ற இடம் எது என்று யாரும் இதுவரை உறுதியாகக் காட்டவில்லை. கடலுக்குள் நீளும் அலைதடுப்புக் கல்கரையில் வரிசையாக மூன்று காற்றாலைகள், முனையில் செயின்ட் நிக்கோலஸ் கோட்டை. 1480-ல் ஒட்டோமான் படை விடாமல் தாக்கியும் பிடிக்க முடியாத கோபுரம் அது. துறைமுகத்தின் எதிர்க்கரையில் இத்தாலியர்கள் 1925-ல் கட்டிய எவாங்கெலிஸ்மோஸ் தேவாலயம் இருக்கிறது, வெடித்துச் சிதறிய செயின்ட் ஜான் தேவாலயத்தின் வடிவத்தைப் பின்பற்றிக் கட்டியது. அரண்மனை எதிரே இருந்து அழிந்துபோன தேவாலயம் எப்படி இருந்திருக்கும் என்பதை இங்கே பார்க்கலாம்.

குன்றுக்கு ஏறுதல்: மான்டே ஸ்மித்

பழைய நகரத்துக்கு மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டர், மெதுவான ஏற்றம், எல்லாராலும் முடியும். அம்புவாஸ் வாசலில் வெளியேறி தியகோரிதோன் தெருவோடு போனால் நேராக விளையாட்டரங்கில் கொண்டுபோய் விடும். உள்ளூரில் செயின்ட் ஸ்டீபன் குன்று என்பார்கள். நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்களைக் கண்காணிக்க இங்கே வந்திருந்த ஆங்கிலத் தளபதி சிட்னி ஸ்மித்தின் பெயர்தான் மற்றொன்று.

இருநூறு மீட்டர் நீள ஓட்டக்களம், பக்கத்தில் சதுரமான சிறு அரங்கம், மேலே பித்தியன் அப்போலோ கோவிலின் தூண்கள். வேலியோ கவுண்டரோ கிடையாது. அரங்கத்தின் இருக்கைகள் பெரும்பாலும் இத்தாலியர்கள் புதிதாகப் போட்டவை, விளையாட்டரங்கின் சில வரிசைகள் மட்டும் பழசு, நிறத்தைப் பார்த்தாலே தெரியும். பழங்கால ஒலிம்பிக் வீரர் தியகோரஸின் தீவு இது. மாலை ஐந்தரை வாக்கில் ஏறினால் ஊர்ப் பிள்ளைகள் அந்தக் களத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள், நீங்களும் ஒரு சுற்று ஓடலாம். சூரிய அஸ்தமனத்துக்கு மேற்கு விளிம்புக்கு வாருங்கள், கடலுக்கு அப்பால் துருக்கி மலைகள் தெரியும். இறங்கும்போது இருட்டிவிடும், ஃபோன் விளக்கு போதும்.

நேரம் மிச்சமிருந்தால் மறுநாள் தெற்கே ரோடினி பூங்காவுக்கு நடக்கலாம், லிண்டோஸ் சாலையில். ஓடை, மயில்கள், உள்ளே தள்ளிப் போனால் பாறையில் குடைந்த பெரிய கல்லறை ஒன்று. போகிற வழி முழுக்க வாகனச் சாலை, அது நடப்பதற்கு ரசமில்லாத சாலை. நகரப் பேருந்தில் போய்விட்டு உள்ளே நடங்கள்.

ஒரு நாள் வெளியூர்: பிலெரிமோஸ் அல்லது லிண்டோஸ்

மண்ட்ராகியில் உள்ள புதிய சந்தைக் கட்டடத்தை ஒட்டி இரண்டு பேருந்து நிலையங்கள், கிழக்குக் கரை ஊர்களுக்கு ஒன்று, மேற்குக் கரைக்கு ஒன்று. மாறி நின்றுவிடாதீர்கள்.

பிலெரிமோஸ் மேற்கே. இயாலிஸோஸ் ஊரில் இறங்கி மலைச்சாலையில் ஏற வேண்டும், பைன் மர நிழல் இருக்கும், ஒன்றரை மணி நேரம் ஆகலாம். உச்சி 267 மீட்டர். ஏதெனா கோவிலின் அடித்தளம், அதை ஒட்டி நைட்டுகள் காலத்து மடம், அதற்குக் கீழே பழைய கிரேக்க நீரூற்று, இத்தாலியர் போட்ட சிலுவைப்பாதை. 1522 முற்றுகையில் சுலைமான் இந்த மலையிலிருந்தும் ஊரைக் கவனித்தார் என்பார்கள். அங்கே நின்று வடகிழக்கே பார்த்தால் நீங்கள் அகழியில் நடந்த முழு ஊரும் கைக்குள் அடங்குகிற அளவில் தெரியும். நடப்பதில் ஆசை உள்ளவர்களுக்கு லிண்டோஸைவிட இதைத்தான் சொல்வேன், கூட்டம் குறைவு.

லிண்டோஸ் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். முதல் பேருந்தில் கிளம்புங்கள், இதில் சமரசம் வேண்டாம். பத்து மணிக்கு மேல் அக்ரோபோலிஸ் என்ற மலைக்கோட்டைக்கு ஏறும் சந்தில் ஆள் மேல் ஆள். கழுதைச் சவாரிக்குக் கூப்பிடுவார்கள், வேண்டாம், வெயிலில் நாள் முழுக்கப் படியேறும் பிராணிகள் அவை. ஏற்றம் இருபது நிமிடம்கூட ஆகாது. மேலே பெரிய படிக்கட்டு தொடங்குவதற்கு முன், இடதுபக்கப் பாறையிலேயே ஒரு போர்க்கப்பலின் பின்பகுதியைச் செதுக்கியிருக்கிறார்கள், கி.மு. 2-ம் நூற்றாண்டு. துடுப்புப் பெட்டி வரை விவரமாக இருக்கிறது. உச்சியில் ஏதெனா கோவில், அடியில் செங்குத்தாகக் கடல்.

இறங்கியபின் வெள்ளைச் சுவர்ச் சந்துகளில் 17-ம் நூற்றாண்டுக் கப்பல் தலைவர்களின் வீடுகளைத் தேடுங்கள். கதவு நிலைகளில் கயிறு முறுக்கியது போலச் செதுக்கு வேலை இருக்கும், முற்றம் திறந்திருந்தால் கூழாங்கல் கோலம் தெரியும். இன்னும் கால் வலுவிருந்தால், வடக்கே நீளும் முனையில் பழங்கால லிண்டோஸ் ஆட்சியாளர் கிளியோபூலோஸின் கல்லறை என்று சொல்லப்படும் வட்டக் கல்கட்டடம் வரை ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. நிழலே கிடையாது, குடிக்கத் தண்ணீரும் கிடைக்காது, ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். போய்வர ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அந்த முனையிலிருந்து பார்க்கும்போதுதான் ஊர், அக்ரோபோலிஸ், வளைகுடா மூன்றும் ஒரே பார்வையில் வரும். மாலைப் பேருந்துகள் நிரம்பி வரும், கடைசிப் பேருந்தை நம்பாமல் அதற்கு முந்தியதைப் பிடியுங்கள்.